மாப்ளே, அந்த ஏழாயிரம் வேண்டாம்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது.

சரி, உன் லேப்டாப்புக்கு வருவோம். ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறாய். அதற்காக அதை விற்க நினைக்காதே. உன்னுடைய திங்க்பேட் டி480, எட்டாம் தலைமுறை இன்டெல் போட்டது. விண்டோஸ் 11 கூட முறையாக ஏறும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது.

அதை எடுத்துவிட்டு, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி போட வேண்டும். அதில் 'ஏழாயிரம்' வாங்கு என்று உன் பையன் சொல்கிறானே, அது விலையில்லை, வேகம். நொடிக்கு 7000 எம்பி (மெகாபைட்) படிக்கிற என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அது. நல்ல சரக்குதான், உன் வண்டிக்கு இல்லை. டி480-இல் டிஸ்க் மாட்டும் இடத்துக்கு வருவது பிசிஐஇ 3.0 என்கிற பழைய தலைமுறைப் பாதை, அதிலும் இரண்டே லேன் (தடம்). என்ன போட்டாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது. தவிர, ஹார்ட் டிஸ்க்கோடு வந்த மாடலில் என்விஎம்இ மாட்டத் தனித் தட்டும் கேபிளும் தேடி வாங்க வேண்டும். நீ 2.5 இன்ச், 7 மி.மீ. தடிமன் சாட்டா எஸ்எஸ்டி வாங்கு; சாட்டா என்பது உன் ஹார்ட் டிஸ்க்கின் அதே இணைப்பு வகை. பழைய டிஸ்க் இருந்த அதே இடம், அதே கேபிள். வேகம் 550 எம்பி சொச்சம்தான். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிற உனக்கு அதுவே ராக்கெட்.

இவ்வளவு பேசுகிற நான் போன வருஷம் அசடு வழிந்த கதை தெரியுமா? மகள் லேப்டாப்பைத் திறந்தால் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு எஸ்எஸ்டி இருந்தது; அந்த வடிவத்துக்கு எம்.2 என்று பெயர். ஸ்கேல் வைத்து அளந்தேன்: அகலம் 22 மி.மீ., நீளம் 80. அதே அளவில் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஸ்க்ரூவும் ஏறியது. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) பார்த்தால் ஒன்றையும் காணோம். அந்த ஸ்லாட் சாட்டா மட்டும் பேசும். நான் வாங்கியது என்விஎம்இ. உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. கவரைப் பிரித்துவிட்டதால் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இப்போது அது ஒரு யுஎஸ்பி டப்பாவுக்குள் விலையுயர்ந்த பென்டிரைவாக வாழ்கிறது. மாடலின் ஹார்டுவேர் மேனுவலை ஐந்து நிமிஷம் புரட்டியிருந்தால் தப்பித்திருப்பேன்.

கல்யாண ஆல்பங்கள் வைத்திருக்கிறாயே, 1 டிபி எடுத்துக்கொள். விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும்; அது எண்ணும் கணக்கு வேறு, இடம் குறையவில்லை. அதற்காகக் கடையில் சண்டைக்கு நிற்காதே. புதியதை வெளியிலிருந்தே இணைக்க ஒரு யுஎஸ்பி சாட்டா கேபிளும் வாங்கு, குளோன்சில்லா என்கிற இலவச மென்பொருளில் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துவிடலாம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதைத் திறக்கும் ரெகவரி கீயை முதலில் காகிதத்தில் எழுதி வை. அப்புறம், அந்த மாடலில் வெளி பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இன்னொன்று இருக்கும். பயாஸில் அதை அணைத்துவிட்டுத்தான் அடிமூடியைத் தொட வேண்டும்.

இதெல்லாம் தலை சுற்றுகிறது என்றால் பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பை இங்கே கொண்டு வா. ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது. சின்ன ஸ்க்ரூவைப் பார்க்கிற கண் உன்னிடம் இருந்தால் போதும். பழைய டிஸ்க்கை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே. நாம் குற்றாலத்தில் துண்டோடு நிற்கிற படம் அதில்தான் இருக்கிறது.

உன்,
பழைய ரூம்மேட்