பெயர் மாற்றத்தோடு எழுத்துக்கூட்டலையும் பதியுங்கள்: திருகோணமலைப் பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்டச் செயலாளருக்கும், பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் மேலதிக மாவட்டப் பதிவாளர்களுக்கும்,

வணக்கம். பெயர் மாற்ற விண்ணப்பங்களை நிரப்ப உதவுபவர்கள் நாங்கள். யாழ்மொழி, ஆழிமகள் என்று ஊரில் இன்னொருவருக்கு இல்லாத பெயரைத் தேடி எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு பெயர் மாற்றத்துக்கு வழி விட்டிருக்கிறது. 21 வயது நிரம்பியவர் தாமே விண்ணப்பிக்கலாம். நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் பலர் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக்கடதாசி முடித்ததோடு பெயர் மாறிவிட்டதென்று நினைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து அரசிதழ் விளம்பரம் தேடுவோரும் உண்டு. அது அங்குள்ள நடைமுறை. இங்கே முதலில் திருந்த வேண்டியது பிறப்புப் பதிவு. அடுத்து கிராம அலுவலர் வழியாகத் தேசிய அடையாள அட்டை. கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கி, ஊழியர் சேமலாப நிதி எல்லாம் அதற்குப் பிறகுதான். வரிசை பிசகினால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயரில் ஆவணங்கள் சேர்ந்துவிடும்.

வரிசை சரியாக இருந்தாலும் எழுத்துக்கூட்டலில் சிக்கல் வருகிறது. குமார், ராணி என்றால் எந்த எழுதுநரும் பழக்கத்திலேயே சரியாக எழுதிவிடுவார். யாழ்மொழிக்கு அப்படியொரு பழக்கம் இல்லை. அதில் இரண்டு ழகரம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றையும் 'இசட்-எச்' என்றோ, 'எல்' என்றோ, 'ஆர்-எல்' என்றோ எழுதலாம். ஆக ஒரே பெயருக்கு ஒன்பது வடிவம். சிங்களத்திலும் ழகரத்துக்கு நேரான எழுத்தில்லை. நம் ககரமும் தகரமும் அங்கே வன்மையாகவும் மென்மையாகவும் வெவ்வேறு எழுத்துகளாகப் பிரியும்; எது என்பதைப் பெயருக்கு உரியவர் சொன்னால்தான் தெரியும். அவரைக் கேட்காமல் அடையாள அட்டையில் ஒரு வடிவமும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பில் இன்னொன்றும், கடவுச்சீட்டில் வேறொன்றும் ஏறினால், வெளிநாட்டு விசாவுக்குப் போகும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாரம் அந்தப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

நீளமும் கவனிக்க வேண்டியது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் வரியில் 44 இடங்கள். ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 போனால் பெயருக்கு 39 மட்டுமே. சொல்லிடைவெளியும் இடம் பிடிக்கும். தந்தை பெயரை முழுதாக எழுதி நீண்ட தனித்தமிழ்ப் பெயரையும் சேர்த்தால் அந்த வரியில் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும். விண்ணப்பிக்கும் முன்பே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒரு தாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை விண்ணப்பதாரரே எழுதிக் கையொப்பமிட, நீங்கள் முத்திரையிட்டுக் கோப்பில் வைத்து, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். அடுத்த ஒவ்வொரு கருமபீடத்திலும் அவர் அதையே நீட்டுவார். பதினொரு பிரதேச செயலகங்களிலும் ஒரே படிவம் இருக்கட்டும். மூதூரில் ஒன்று, குச்சவெளியில் ஒன்று என்றால் பயனில்லை.

பெயர் பாவனையில் இருப்பதற்குச் சான்று கேட்பதாயின், எந்த ஆவணங்கள் போதும் என்பதைத் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். இதுவரை யாரும் வைத்திராத பெயருக்குப் பழைய ஆவணம் தேடி அலைவது பெரும் பாடு.

"இப்படியும் ஒரு பெயரா?" என்று கேட்டு வாய்மொழியாக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி, தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுப்பதாக இருந்தால் எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் குறிப்பிட்டுக் கொடுங்கள். மேன்முறையீடு செய்வதா, பெயரைத் திருத்துவதா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

இப்படிக்கு,
பெயர் மாற்ற விண்ணப்பங்களுக்கு உதவுவோர்,
திருகோணமலை.