வளையலும் கைக்குட்டையும் உன் பழைய கேள்வியும்

அன்புள்ள வாத்துக்கு,

மே மாதம் நீ கொடுத்தனுப்பிய மாவடு ஜாடி காலியாகிக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று, நான் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. சின்னவன் பத்தாவது, வீட்டில் டிவி கிடையாது. உன் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை என் வகுப்பில் உன்னைப் பார்த்தேன்டி.

பன்னிரண்டாம் வகுப்பு, மின்காந்த அலைகள் பாடம். மின்தேக்கி ஒன்றை, அதாவது இரண்டு உலோகத் தகடுகளை இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்து மின்னூட்டம் சேர்த்துவைக்கும் சாதனத்தை, பலகையில் வரைந்து, அது மின்னேற்றம் ஆகும்போது கம்பியில் மின்னோட்டம் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், ரெண்டு தகட்டுக்கும் நடுவுல கம்பியே இல்லையே, அங்க என்ன ஓடுது?"

சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாம் ஆண்டில் நீ இதையேதான் கேட்டாய். "இது பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றார் அந்த சார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் நீ எந்த வகுப்பிலும் வாயே திறக்கவில்லை. எம்.எஸ்சி. விண்ணப்பத்தை வாங்கிவந்து, நிரப்பாமல் ஹாஸ்டல் அலமாரியிலேயே விட்டுவிட்டு பேங்க் பரீட்சை எழுதப் போனாய். 22 வருஷமாக அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்துகிறது. அதனால் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதிலை உனக்கும் சொல்லியாக வேண்டும். முழுசாகப் படி.

ஆம்பியரின் சுற்று விதி ஞாபகம் இருக்கிறதா? கம்பியைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அந்த வளையம் நெடுகக் காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் மியூ நாட் (வெற்றிடத்தின் காந்த மாறிலி) பெருக்கல் மின்னோட்டம் கிடைக்கும். எந்த மின்னோட்டம்? அந்த வளையத்தை விளிம்பாக வைத்து ஒரு துணி கட்டினால், துணியைத் துளைத்துக்கொண்டு போகிற மின்னோட்டம்.

கையிலிருந்த வளையலைக் கழற்றினேன். பென்சில்தான் கம்பி. பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் மூடி இரண்டு தகடுகள். பென்சிலின் முனை ஒரு மூடியில் முட்டி நிற்கிறது, எதிரே இடைவெளி விட்டு இன்னொரு மூடி. பென்சிலைச் சுற்றி வளையல். வளையலின் வாயில் கைக்குட்டையை விறைப்பாகக் கட்டினால் பென்சில் அதைக் குத்திக்கொண்டுதான் போக வேண்டும். அதே கைக்குட்டையைத் தளர்த்திப் பை மாதிரி தொங்கவிட்டால், முதல் மூடியை உள்ளே வாங்கிக்கொண்டு பையின் அடிப்பக்கம் இடைவெளியில் வந்து நிற்கிறது. இப்போது அதைக் குத்துவது எதுவும் இல்லை. வளையல் ஒன்றுதான், அதன்மேல் இருக்கும் காந்தப்புலமும் ஒன்றுதான். ஆனால் விறைத்த துணி மின்னோட்டம் உண்டு என்கிறது, தொங்கும் துணி பூஜ்யம் என்கிறது. ஒரு விதிக்கு இரண்டு விடை வரலாமா?

உன் கேள்வி குத்திய இடம் இதுதான். விதியிலேயே ஓட்டை இருந்தது!

அதை அடைக்கும் உறுப்பை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1862-ல் சேர்த்தார். அவர் போன வழி வேறு. சுழல்களும் சின்னச் சின்ன உருளைகளும் நிறைந்த ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்து அங்கே போய்ச் சேர்ந்தார். வந்து சேர்ந்த இடம் இது: இடைவெளியில் மின்னூட்டம் எதுவும் தாண்டுவதில்லை, ஆனால் அங்கே மின்புலம் வளர்ந்துகொண்டே இருக்கிறது. காஸ் விதிப்படி தகட்டில் உள்ள மின்னூட்டம், எப்சிலான் நாட் (வெற்றிடத்தின் மின் மாறிலி) பெருக்கல் மின்பாயம், அதாவது தகட்டிலிருந்து கிளம்பும் மின்புலத்தின் மொத்த அளவு. அப்படியானால் மின்பாயம் மாறும் வீதத்தை எப்சிலான் நாட்டால் பெருக்கினால் என்ன வரும்? தகட்டில் மின்னூட்டம் சேரும் வீதம். அது கம்பியில் வருகிற அதே மின்னோட்டம்தானே! இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் வரவு, பைசா சுத்தமாக டேலி ஆகிறது. தினமும் கேஷ் டேலி பண்ணுகிற உனக்கு நான் சொல்லவா வேண்டும்? இதற்குப் பெயர் இடப்பெயர்ச்சி மின்னோட்டம். அன்றைக்கு அந்த சார் ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் போதும். நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

அதோடு முடியவில்லை. காந்தப்புலம் மாறினால் மின்புலம் பிறக்கும் என்று ஃபாரடே 1831-லேயே காட்டிவிட்டார். இப்போது மின்புலம் மாறினாலும் காந்தப்புலம் பிறக்கிறது. ஒன்றை ஒன்று பிறப்பித்துக்கொண்டு இரண்டும் கம்பியே இல்லாமல் கிளம்பிப் போகலாம். என்ன வேகத்தில்? மியூ நாட்டையும் எப்சிலான் நாட்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ஒன்றை அதால் வகுக்க வேண்டும். லாக் புக்கை எடுங்கள் என்றேன். 4π × 10⁻⁷, அப்புறம் 8.854 × 10⁻¹². பத்து நிமிஷம் பேச்சே இல்லை, தாள் புரளும் சத்தம் மட்டும். அந்தப் பெண்தான் முதலில் முடித்தாள். வினாடிக்கு 2.998 × 10⁸ மீட்டர். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மிஸ், இது லைட்டோட வேகம்!" என்று கத்தினான்.

யோசித்துப் பார். மின்தேக்கியிலிருந்து ஒரு எண், மின்னோட்டம் போகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள விசையிலிருந்து ஒரு எண். விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. அதிலிருந்து ஒளியின் வேகம் வருகிறது. 1856-ல் வெபரும் கோல்ராவுஷும் லெய்டன் ஜாடியை (அந்தக் காலத்து மின்தேக்கி) வைத்து அளந்த, மின்னூட்டத்தின் நிலைமின் அலகுக்கும் மின்காந்த அலகுக்கும் உள்ள விகிதத்தை எடுத்துத்தான் மாக்ஸ்வெல் அலையின் வேகத்தைக் கணக்கிட்டார். ஃபிசோ 1849-ல் பற்சக்கரம் சுழற்றி அளந்திருந்த ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் அது போய் நின்றது. ஒளியே மின்காந்த அலைதான் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த அலையை ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டியது 1887-88-ல். மாக்ஸ்வெல் பார்க்கவில்லை, 1879-லேயே 48 வயதில் போய்விட்டார். அதை வகுப்பில் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

சிரித்ததற்கு மன்னித்துக்கொள்டி. நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஊர்ப்பக்கம் வருவதாகச் சொன்னாயே, ஒரு நாள் பள்ளிக்கு வா. தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்துவிட்டேன். அந்தப் பெண் அடுத்த கேள்வியோடு காத்திருக்கிறாள்: தகடுகளுக்கு நடுவே இருக்கிற காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால், அந்தப் புலம் எதில் இருக்கிறது? அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ பேசு.

மாவடு ஜாடியை அப்போது வாங்கிக்கொள்.

உன்,
நெட்டை