செயலாளர் அறிக்கை: மின்னொளி ஆட்டங்களும் எமது கமராக்களும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் எமது புகைப்படக் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கண்காட்சி மாரிமழையால் தள்ளிப்போனது. தை பிறந்ததும் வைக்க இருக்கிறோம். மீதி நேரத்தை, இந்த ஆண்டு நாங்கள் அதிகம் பாடுபட்ட வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன்: மின்னொளியில் நடக்கும் கரப்பந்தாட்டத்தைப் படம் எடுப்பது.

வன்னி வெயிலில் பகல் ஆட்டம் கஷ்டம். வயலுக்கும் வேலைக்கும் போனவர்கள் திரும்பவே பொழுதுபட்டுவிடும். அதனால் இரவு ஆட்டத்துக்குத்தான் ஊரே திரளும். ஆனால் ஆடிய பிள்ளையின் வீட்டில் அந்த ஆட்டத்தின் ஒரு நல்ல படம் இருக்காது. 2009 வரையான இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. அதனால்தான் எடுத்த படங்களை அச்சடித்து அந்தந்த வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

பிளாஷ் போடுவதா இல்லையா என்பதில் அங்கத்தவர்கள் இரண்டு பக்கமாக நின்றார்கள். ஆட்டம் நடக்கும்போது போடக்கூடாது என்று சபை முடிவெடுத்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓர் ஆட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர் வலையடியில் நின்று பிளாஷ் அடித்தார். பந்தைத் தடுக்க எழும்பிய பையன் கண்ணை இறுக்கி மூடியபடிதான் தரையில் இறங்கினான். கால் பிரளாதது அவனுடைய நல்ல காலம். படத்துக்கும் அதனால் பெரிய பலனில்லை. தூரம் இரட்டித்தால் பிளாஷ் வெளிச்சம் கால்பங்காகிவிடும்: முன்னுக்கு நிற்பவர் வெளிறிப்போக, பின்வரிசை இருட்டில் மறைந்துவிடும். புழுதி கிளம்பினால் தூசெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும். பரிசளிப்புக்கும் அணிப் படத்துக்கும் தாராளமாகப் போடலாம்.

அப்ப வெளிச்சத்துக்கு எங்கே போவது? லென்ஸ்தான் வழி. கமராவோடு சேர்ந்து வரும் சூம் லென்ஸை நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும்). எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஷட்டர், அதாவது கமரா திறந்து மூடும் நேரம், 1/500 நொடி. ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்குக் கமராவின் உணர்திறன், 3200 அல்லது 6400. படம் மணல்மணலாக வரும், வரட்டும். அதைப் பிறகு கணினியில் ஓரளவு குறைக்கலாம், அசைந்து கலங்கிய முகத்தை மீட்க முடியாது. தானியங்கி முறையை நம்பவேண்டாம். கறுத்த வானத்தைக் கண்டால் கமரா வெளிச்சத்தைக் கூட்டி, முகத்தை வெளிற வைத்துவிடும். வலையருகே ஒரு முகத்தில் அளந்து, மனுவலில், அதாவது நாமே அளவு வைக்கும் முறையில், அப்படியே வைத்துவிடுங்கள்.

அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் வருவதேன் என்று பலர் கேட்டார்கள். எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தரம் கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, 1/500 ஷட்டருக்குத் தெரியும். புதிய கமராக்கள் பலவற்றில் இதைச் சமாளிக்கும் வசதி உண்டு, தேடிப் போட்டுவிடுங்கள். ஜெனரேற்றரின் ஓட்டம் ஏறி இறங்கினால் அந்தக் கணக்கும் ஆடும்.

இந்த ஆண்டின் சிறந்த படம் என்று நான் சொல்வது, எமது இளைய அங்கத்தவர் பெண்கள் ஆட்டமொன்றில் எடுத்ததை. அடிக்க எழும்பிய பிள்ளை உச்சியில் இருக்கிறாள். பந்து விரல் நுனியை விட்டு இன்னும் விலகவில்லை. நெற்றி வியர்வையில் கம்பத்து விளக்கு மின்னுகிறது. உச்சியில் உடம்பு அநேகமாக அசையாது, அப்போது 1/320 கூடப் போதும். அந்தக் கணத்தைப் பிடிக்க ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். படம் எடுத்த தங்கச்சி தானும் கரப்பந்து ஆடுகிறவர்.

வருகிற ஆண்டுக்கு இரண்டு பிரேரணைகள். 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைக் கழகத்துக்குப் பொதுவாக வாங்கி, முறைவைத்துப் பாவிக்கலாம். வலைக்கு நேரே மேலதிகமாக ஒரு விளக்குப் போட்டுத் தரும்படி விளையாட்டுக் கழகங்களைக் கேட்கலாம். ஆடுபவர்களுக்கும் அது உதவும். பக்கக் கோட்டருகே எங்களை நிற்கவிட்ட நடுவர்களுக்கும் கழகங்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்