கடலுக்குக் காலையில் போங்கள், மதியத்துக்கு நுங்கு போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று எல்லா நாளிதழ்களிலும் பட்டியல் வருகிறது. எத்தனை மணிக்குப் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. கடலூர், புதுச்சேரிக் கரையில் அதுதான் முதல் கேள்வி.

மே மாதத்தில் இங்கே காலை 5.45-ஐ ஒட்டியே சூரியன் வந்துவிடும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு 6 மணிக்கு வந்து 8.30-க்குள் கிளம்பிவிட்டால் மணல் சுடாது, பிள்ளையும் சிணுங்காது. 11 மணிக்கு வந்து இறங்குகிறவர்கள் கடல்காற்றை நம்பி வருகிறார்கள். கடல்காற்று வழக்கமாக நண்பகலை ஒட்டித்தான் கிளம்பும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கே நிலத்திலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருந்தால் இன்னும் தாமதமாகும். வெயில் 40 டிகிரியைத் தொடுவது அப்படிப்பட்ட நாட்களில்தான். மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரியும். 11 மணிக்கும் அது கடல் பக்கமாகப் பறந்தால், அன்று பிள்ளையை வெளியே கூட்டிப்போக வேண்டாம்.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தைத்தான் பெற்றோர் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல், தண்ணீர் சற்றுக் கறுத்தோ கலங்கியோ இருந்து நுரை கடலை நோக்கிப் போகிறதா? கரைக்கு வந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போகும் வாய்க்கால் அதுதான். அங்கே முழங்கால் ஆழத்திலேயே கால் நிற்காது. கெடிலம் கடலில் கலக்கும் முகத்துவாரமும் அப்படித்தான். ஆற்றுத் தண்ணீர் வற்றியிருந்தாலும் கடல்மட்ட ஏற்ற இறக்கத்தின்போது இழுவை இருக்கும்.

பிள்ளையின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். பெரியவரின் முழங்கால் கணக்கு இதற்கு உதவாது. விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். ஈர விரல் ஓர் அலைக்குத் தாங்காது. அலைக்கு முகம் கொடுத்து நிற்காமல் பக்கவாட்டில், கால்களை அகட்டி நிற்கக் கற்றுக்கொடுங்கள். சட்டை ஆரஞ்சோ சிவப்போ இருக்கட்டும். நீலமும் சாம்பலும் தண்ணீரில் இரண்டடி தள்ளினாலே கண்ணுக்குத் தப்பிவிடும்.

கோடையில் இந்தக் கரையில் கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். விளையாடும் பிள்ளை தன்னை அறியாமல் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பையை வைத்துக்கொண்டு உட்காருகிறவர் பிள்ளை இறங்கிய இடத்துக்கு நேரே உட்காராமல், பத்திருபது அடி வடக்கே தள்ளி உட்கார்ந்தால் பிள்ளை அவர் கண்முன்னேதான் இருக்கும்.

இன்னொன்று, ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றை மூடி இறுக்கி, கழுத்தில் கயிறு கட்டி எடுத்துவாருங்கள். யாரையாவது அலை இழுத்தால் வேட்டியோடும் புடவையோடும் குதிக்கிறவர்தான் இரண்டாவதாகப் போகிறார். குதிக்காமல் இந்தக் கேனை வீசுங்கள். ஐந்து லிட்டர் காற்று ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தாங்கும். ஒருவர் தலை தண்ணீருக்கு மேல் நிற்க அது போதும். இழுபடுகிறவர் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துபோகாமல், மிதந்தபடி கரைக்கு இணையாக நகர வேண்டும். ஜெல்லி மீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் குடிதண்ணீர் ஊற்றுவதும் கொட்டும் செல்களைத் தூண்டிவிடும். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள், ஒட்டியிருப்பதைக் குச்சியால் எடுங்கள்.

கடலில் இறங்காமலே காலைப் பொழுது போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கிடக்கும். வலை சரிசெய்வதும் பெயின்ட் அடிப்பதும் நடக்கும். என்ஜினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வைத்திருப்பதைப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மதியம் வீட்டில்தான். நுங்கு வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் இளசு, அமுங்காவிட்டால் முற்றியது, அது வயிற்றைப் பிடிக்கும். மூன்று கண்ணும் தின்று முடித்த காய்களில் ஒரே அளவாக இரண்டை எடுத்து வண்டி செய்யலாம். கைப்பேசியில் வளரும் பிள்ளைக்கும் இது அரை மணி நேரத்தில் பிடித்துப்போகும். பென்சிலைவிடச் சற்றுப் பருமனான வேப்பங்குச்சி, ஒரு சாண் நீளம், இரு முனையும் சீவியது. அதை ஒவ்வொரு காயின் நட்டநடுவிலும் குத்தி இறக்க வேண்டும். நடு தவறினால் வண்டி நொண்டும். காய்கள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். நுனியில் இரண்டாகப் பிரியும் கவை உள்ள நீளக்கழி ஒன்று, பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு. கவை அச்சுக்குச்சியை இறுக்கக் கூடாது, குச்சி அதற்குள் உருள வேண்டும்; உரசும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். காய் இரண்டே நாளில் காய்ந்து சுருங்கித் துளை தளர்ந்துவிடும், அப்போது புதுக் காய்தான். குச்சி சீவுவதும் குத்துவதும் பெரியவர் வேலை, ஓட்டுவது மட்டும் பிள்ளை வேலை.

குடிக்க மோரும் இளநீரும் இருக்கின்றன. விளையாடும் பிள்ளைக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் கொடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை. பேதியானால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து என்பதால் கைப்பிடிக் கணக்கு கூடாது. தெருவோர ஜூஸில் போடும் ஐஸ் மீனுக்குப் போடும் ஐஸாக இருந்துவிடலாம். ஐஸ் இல்லாமல் கேளுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் மீண்டும் வெளியே. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 6 மணியிலிருந்து வாகனம் கிடையாது. பிள்ளையின் கையை விட்டு நடக்கவிடலாம். பாறைகளில் மட்டும் ஏற்றாதீர்கள். பாசி படிந்த பாறை காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ், பேரலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கள்ளக்கடல் என்பது தொலைதூரக் கடலில் கிளம்பி வரும் அலை. வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளிலும் அது வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோதும் எச்சரிக்கை வந்திருந்தது. அது கரையில் நின்றவர்கள் கண்ணில் படவில்லை. தங்கம் விலை போடும் இடத்துக்குப் பக்கத்தில், சனிக்கிழமை இதழில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலை உயரம், சூரிய உதயம், மேல்காற்று உண்டா இல்லையா என்று நான்கு வரி போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஞாயிறு காலை கிளம்புமுன் அதைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் தாத்தாவாகத்தான் இருப்பார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.