டக்ளஸ் கிளார்க்கின் கதையை முழுசாகச் சொல்லுங்கள்: ரக்பி ஃபுட்பால் லீக் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். முதல் உலகப்போர்க் காலத்து ரக்பி லீக் ஆட்டக்காரர் டக்ளஸ் கிளார்க்கைப் பற்றி உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். அவரை 2005-இல் உங்கள் புகழ்மண்டபத்தில் சேர்த்தீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரே ஒரு பிற்பகலின் கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

1914 ஜூலை 4, சிட்னி கிரிக்கெட் மைதானம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரிட்டன் ஆடிய மூன்றாவது டெஸ்ட், அதாவது நாட்டுக்கு நாடு மோதும் ஆட்டம். எட்டே நாளுக்குள் மூன்று டெஸ்ட் ஆட வேண்டும் என்று நெருக்கியதால், பிரிட்டன் அணி காயமும் அசதியுமாக இருந்தது. மேலாளர்கள் மறுத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்த தலைமையோ கடமையைச் செய்யுங்கள் என்று தந்தி அடித்தது. ஆட்டத்தில் கிளார்க்கின் கட்டைவிரல் உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஆடினார். அப்புறம் காறை எலும்பும் முறிந்தது. அதற்கும் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு கட்டத்தில் பிரிட்டனுக்குப் பதின்மூன்று பேரில் பத்துப் பேர்தான் மிச்சம். ஹரோல்ட் வாக்ஸ்டாஃப் தலைமையில் அந்தப் பத்துப் பேர் தாக்குப்பிடித்து 14–6 என்று ஜெயித்தார்கள். 1879-இல் ஜூலுக்களின் முற்றுகையை ஒரு சிறு பிரிட்டிஷ் படை சமாளித்த ரோர்க்ஸ் டிரிஃப்டின் பெயரே இந்த ஆட்டத்துக்கும் நிலைத்துவிட்டது.

பெரிய ஆட்டம், மறுக்கவில்லை. படிக்கும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் எலும்பு முறிந்தவர் ஏன் மறுபடி இறங்கப் பார்த்தார்? மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. ஒருவர் வெளியே போனால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். காயத்துக்கு மாற்று ஆள் இறக்கலாம் என்று இங்கிலாந்தில் விதி வந்தது 1964-இல்தான். வேறு வழியில்லாமல் செய்த ஒன்றைத் துணிச்சலாக மட்டும் சொன்னால், அந்த நெருக்கடியை உண்டாக்கிய விதியும் தந்தியும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. அதே ஆட்டத்தில் தலையில் அடிபட்டு வெளியே போன பில்லி ஹால், கொஞ்சம் தெளிந்ததும் திரும்பவும் ஆட வந்தார். தலைக்காயங்களால் மூளை பாதிக்கப்பட்டதாக முன்னாள் வீரர்கள் உங்கள் மீதே வழக்குத் தொடுத்திருக்கும் காலத்தில், இந்தக் கதையைக் கேட்கும் பதினைந்து வயதுப் பையன் எதை எடுத்துக்கொள்வான் என்று யோசித்துப் பாருங்கள்.

கிளார்க்கிடம் கற்றுக்கொள்ள வேறு எவ்வளவோ இருக்கிறது. வட இங்கிலாந்தின் கம்பர்லாந்தில் மேரிபோர்ட் பக்கம் எல்லன்பரோவில் 1891-இல் பிறந்தவர். நிலக்கரி வியாபாரக் குடும்பம். மூட்டை சுமந்து ஏறிய உடம்பு. அதைவிட முக்கியம், அந்த ஊர்ப்பக்கத்து மல்யுத்தம். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் மோவாயை வைத்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடி நழுவினால் தோல்வி. பாதம் தவிர உடம்பில் எது தரையைத் தொட்டாலும் தோல்வி. எடையை எங்கே வைப்பது, எதிராளி எப்போது நிலை தடுமாறுவான் என்பதை இந்த மாதிரிப் பயிற்சி எலும்பில் ஏற்றிவிடும். இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலும், பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிளிலும் அவரை அசைக்க முடியாமல் போனதற்கு வெறும் முரட்டுத்தனம் காரணமில்லை, இந்தக் கலைதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் பயிற்சியாளர்கள் இதையல்லவா சொல்லித்தர வேண்டும்?

1909-இல் ஹடர்ஸ்ஃபீல்டு கிளப்பில் சேர்ந்தார். அந்த அணியைப் பற்றிப் பேசினால் எல்லோரும் ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டின் 80 டிரைகளைச் சொல்வார்கள், எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து 1913–14 பருவத்தில் அவர் போட்டது. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுபவரின் கைக்குப் பந்து போவதற்கு முன்னால் யாரோ சேற்றில் முட்டி மோதி அதை வென்றெடுத்தாக வேண்டும். ஃபார்வர்டுகள் என்ற முன்வரிசை ஆட்டக்காரர்கள் செய்தது அதைத்தான். 1914–15-இல் எதிரே இருந்த நான்கு கோப்பைகளையும் ஹடர்ஸ்ஃபீல்டு அள்ளியபோது கிளார்க் அந்த முன்வரிசைக் கூட்டத்தில் இருந்தார்.

அப்புறம் முதல் உலகப்போர். ராணுவத்தின் மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் வண்டி ஓட்டினார். நச்சுப் புகையில் சிக்கினார். போர்க்களத் துணிச்சலுக்கான மிலிட்டரி மெடல் பெற்றார். உடம்பு கெட்டுத் திரும்பிய அந்த மனிதர் தன்னைத் தேற்றிக்கொண்டு, 1920-இல் பிரிட்டன் அணியோடு மறுபடி ஆஸ்திரேலியப் பயணம் போனார். நாற்பதைத் தாண்டியும் தொழில்முறை மல்யுத்தம் செய்தார். 1951-இல் காலமானார்.

நான் கேட்பது இதுதான். ரோர்க்ஸ் டிரிஃப்ட் ஆட்டத்தை நினைவுகூரும்போதெல்லாம் மாற்று ஆட்டக்காரர் இல்லாத விதியையும் அந்தத் தந்தியையும் சேர்த்தே சொல்லுங்கள். இளையோர் பயிற்சிகளில் கிளார்க்கைப் பற்றிப் பேசினால் அவருடைய மல்யுத்தப் பிடியிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் போரிலிருந்து மீண்டு வந்த வருடங்களுக்கும் இடம் கொடுங்கள். அடிபட்ட பையனிடம் "கிளார்க்கைப் பார்" என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக்கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்துங்கள்.

அன்புடன்,
தூரத்திலிருந்து இந்த ஆட்டத்தை நேசிக்கும் ஒரு ரசிகர்