‘அழுதான்’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊசி போட வரும் பிள்ளைக்கு எடை, காய்ச்சல் எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகின்றன. அது பட்ட வேதனை மட்டும் ‘அழுதான்’ என்ற ஒரு சொல்லோடு முடிகிறது.

குழந்தையின் வலியைப் பார்த்தே அளக்க 1997-இல் வெளியான ‘ஃபிளாக்’ அளவுகோலுக்குத் தாளும் பேனாவும் போதும். முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 10. இரண்டு மாதக் குழந்தை முதல் 7 வயது வரை பொருந்தும். 4 வந்தால் மிதமான வலி, 7 வந்தால் கடுமை.

பிழை நேர்வது எப்போது பார்க்கிறோம் என்பதில்தான். குத்தும் கணத்தை மட்டும் பார்த்தால் வலியையும் பயத்தையும் பிரிக்க முடியாது. நரம்பு தெரியக் கையில் பட்டை கட்டும்போதே 6 வந்துவிட்டால் அது பெரும்பாலும் பயம். ஆகவே அறைக்குள் வந்ததும், கட்டும்போது, குத்தும்போது, முடிந்த பிறகு என நான்கு முறை குறிக்க வேண்டும். இருவர் அமுக்கிப் பிடித்தால் கால், உடலசைவு மதிப்பெண்கள் பொய்யாகக் குறையும். அதையும் ஓரத்தில் எழுத வேண்டும். ஊசி போடுபவரே மதிப்பெண்ணும் போடக் கூடாது, அவர் கவனம் ஊசி குத்தும் நரம்பில் இருக்கும்.

ஐந்து வயதானால், வலியின் அளவைக் காட்டும் முகப்படங்களில் தன்னுடையதைப் பிள்ளையே தொட்டுக் காட்டலாம். பக்கத்தில் அப்பத்தா, ‘எம் பேரன் அழவே மாட்டான்’ என்று முந்திக்கொண்டால், பிள்ளை சிரித்த முகத்தைத்தான் தொடும். முதலில் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்கள்,
காரைக்குடி