பம்பை விட்டு ஓடிய நாள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மழை இன்னும் தொடங்கவில்லை.

போன கிழமை நீ ஹிரோஷிமாவிலிருந்து போன் எடுத்து, அங்கே விழுந்த அணுகுண்டைப் பற்றிக் கதைக்கும்போது ஒன்று கேட்டாய். "நம்மட ஊரில அப்படி ஒரு குண்டு விழுந்தா ஊர் மிஞ்சுமா அப்பா?" நான் பதில் சொல்லாமல், சாப்பிட்டியா என்று கதையை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு இரவு சரியான நித்திரை இல்லை. போனில் வாய் வராததை எழுதிவிடுகிறேன்.

குண்டு என்றால் நம் வீட்டில் பூட்டி சொன்ன கதைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பார்த்தபடி, கைப்பிள்ளையோடு தம்பலகாமம் பக்கம் நடந்தே போனாளாம். பிறகு திரும்பி வந்தாள், வீடு நின்றது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. அணுகுண்டுக்குப் பிறகு அப்படித் திரும்பி வர முடியாது. ஹிரோஷிமாவில் 1945இல் அது விழுந்து அந்த வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய 140,000 பேர் போய்விட்டார்கள். டொக்டர்மாரிலும் தாதிமாரிலும் பத்துக்கு ஒன்பது பேர் செத்தார்கள், இல்லையென்றால் காயப்பட்டார்கள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நம்பி இருக்கிற நம் ஊரை நினைத்துப் பார். நேர் கீழே அகப்பட்டவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது. இதை உனக்கு மறைத்து என்ன பயன்?

ஆனால் அந்த ஊரில்தான் நீ இப்போது சமைத்துச் சாப்பிடுகிறாய், பஸ் ஏறி வேலைக்குப் போகிறாய். அந்தக் குண்டு 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. நெருப்பு நிலத்தைத் தொடாதபடியால் மண் நெடுங்காலம் நஞ்சாகிக் கிடக்கவில்லை. 75 வருடத்துக்குப் புல்லும் முளைக்காது என்று பேசிக்கொண்டார்களாம், அலரி பூத்ததாம். நம் கோயில் பூசைக்குப் பறிக்கிற அதே அலரிதான் அங்கே நகரத்தின் பூ என்று நீ படம் அனுப்பினாய், அம்மா அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாள். நிலத்தில் வெடித்தால் கதை வேறு. மண் தூசியாகி மேலே போய்த் திரும்ப விழும். அதன் கதிர்வீச்சு 7 மணித்தியாலத்தில் பத்தில் ஒன்றாகவும், இரண்டு நாளில் நூறில் ஒன்றாகவும் குறையும் என்கிறார்கள். தூரத்தில் தப்பியவர்கள் அந்த இரண்டு நாளும் தடித்த சுவருக்குள் வெளியே வராமல் இருக்க வேண்டும்.

அப்படி இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் நம் குழாயில் வருவதற்கு நடுவில் எத்தனை பம்ப், எத்தனை வால்வு, எத்தனை மனிதர். கரண்ட் போனால் மேட்டுத் தாங்கியில் இருப்பது முடியும் வரைதான். ஹிரோஷிமாவில் உஷிதா என்ற இடத்துத் தண்ணீர் நிலையத்தில், காயப்பட்ட ஒரு மனிதர் குண்டு விழுந்த அன்று பின்னேரமே பம்பை ஓடவைத்தார் என்று வாசித்தேன். அங்கேதான் என் நித்திரை போனது.

உனக்கு நான் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கடல் வந்த காலை, நானும், அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிடுகிற கிண்ணியாக்காரரும் பம்படியில் டியூட்டி. நீ நிலாவெளியில் அம்மம்மா வீட்டில். கடற்கரைப் பக்கக் குழாய்கள் உடைந்து தாங்கி காலியாகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்க வால்வுகளை மூடினால்தான் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நிற்கும். பழைய வால்வு, சாவியைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். நிலாவெளி போய்விட்டதாம் என்று யாரோ கத்தினார்கள். நான் சாவியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

பனை வடலிக்குள் யாரோ ஒரு அக்காவின் மடியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நீ இருந்தாய். இது உனக்குத் தெரியும். பின்னேரம் நான் பம்படிக்குத் திரும்பிப் போனது தெரியாது. வால்வுகள் எல்லாம் மூடியிருந்தன. நானா தனியாக மூடியிருந்தார். தேத்தண்ணி கிளாஸை விரலால் பிடிக்க முடியாமல், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. "பிள்ளை கிடைச்சதா?" என்று மட்டும் கேட்டார். கிண்ணியாவில் அவருக்கு நான்கு பிள்ளைகள், உம்மா. அங்கே போக அப்போது பாலம் இல்லை, ஆட்களை ஏற்றி அக்கரைக்கு விடுகிற பாதைப்படகுதான், அதுவும் ஓடவில்லை. பிள்ளைகள் தப்பினார்கள். உம்மாவை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள்.

நான் ஓடியது பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது, பிள்ளை. ஹிரோஷிமாவிலும் சொந்தக்காரரைத் தேடி எத்தனையோ பேர் ஊருக்குள் போனார்கள். குண்டு விழுந்து இரண்டு கிழமைக்குள் அப்படிப் போனவர்களையும் ஜப்பான் அரசாங்கம் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் கணக்கெடுக்கிறது. கதிர்வீச்சைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தாலும் உன்னைத் தேடி நான் போயிருப்பேன். ஆனால் அன்றிரவு நம் ஆஸ்பத்திரியில் தண்ணீர் நின்றது அவரால். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அவரிடம் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பெருநாளுக்குப் போவேன், வட்டிலப்பம் சாப்பிடுவேன், வருவேன்.

நீ பராமரிக்கிற அந்தப் பாட்டி ஒவ்வொரு காலையும் 8:15க்கு ஜன்னலடியில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பதாகச் சொன்னாயே. எரிந்த உடம்போடு தண்ணீர் கேட்டவர்களுக்கு, குடித்தால் செத்துவிடுவார்கள் என்று கொடுக்காமல் விட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர் என்றாய். அவரிடம் ஆறுதல் சொல்லப் போகாதே. பக்கத்தில் நின்றால் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு கிண்ணியாவுக்குப் போகிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. கையைக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன் போல.

அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் பார்சல் போட்டிருக்கிறாள். கிடைத்ததும் சொல்லு.

அன்புடன்,
அப்பா